சிவாலிக் ஓடையில் கிடைத்த பல்: இது மாமத்தா? (படங்கள் உள்ளே)

மலையடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக மூன்று வருடமாகச் சண்டிகரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து சிவாலிக் குன்றுகள் பக்கம் நடக்கப் போவோம். இங்கே காட்டாற்றுக்குச் 'சோ' என்று பெயர். மழை பெய்தால் ஒரு மணி நேரம் வெள்ளம், மற்ற நேரம் வெறும் மணல். போன வாரம் மழை விட்ட மறுநாள் அப்படி ஒரு சோவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, காலடியில் இந்தக் கல் கிடைத்தது. ஒரு பக்கம் சாதாரணப் பாறை மாதிரி இருந்தது. புரட்டினால் மறுபக்கத்தில் வரி வரியாக மேடும் பள்ளமும். மேட்டின் ஓரங்கள் மட்டும் பீங்கான் போலப் பளபளக்கின்றன.

வீட்டுச் சமையல் தராசில் வைத்தேன், 1 கிலோ 640 கிராம். இணையத்தில் தேடியதில், அழிந்துபோன யானை இனமான மாமத்தின் பல் போலத்தான் தெரிகிறது. அதே இடத்தில் தந்தத் துண்டு போல வளைந்த ஒன்றும் கிடைத்தது, கடைசிப் படத்தில் அதுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

எங்கள் பாட்டி வீட்டு அம்மி உடைந்தபோது அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. கொத்தி நாளாகிவிட்டது போல.

கல்தச்சன் எழுதியது:

வெட்டிப்பேச்சு சொன்னதில் பாதி சரி. யானையின் கடைவாய்ப் பல்லே ஒரு அம்மிதான். தேயத் தேய அம்மி வழுக்கும், ஆள் கூப்பிட்டுக் கொத்த வேண்டும். யானைப் பல்லுக்கு அந்தக் கவலை இல்லை. கடினமான எனாமல் மெதுவாகவும், அதன் உள்ளே இருக்கும் டென்டினும் வெளியே பூசினது போல இருக்கும் சிமென்டும் (கட்டடச் சிமென்ட் இல்லை, பல்லின் ஒரு பகுதிதான்) வேகமாகவும் தேய்வதால் சொரசொரப்பு தானாகவே வந்துகொண்டிருக்கும்.

தம்பி, முதலில் ஒன்று. கம்பளி மாமத் என்று எல்லோரும் சொல்லும் அந்த விலங்கு குளிர்நாட்டுப் புல்வெளிக்காரர், நம் நாட்டுப் பக்கம் வந்ததில்லை. வரி தெரிந்தால் மாமத் என்று தேடல் இயந்திரம் சொல்லிவிடும். அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் படங்களில் அளவு தெரியவில்லை. அது கட்டை விரல் அளவா, கால் அளவா? ஸ்கேல் வைத்து மறுபடி எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உடைந்த முகப்பு ஒன்று. மூன்றும் வேண்டும். எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் அழகாக எடுக்கிறார்கள். அடையாளம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும்.

அதுவரை பொதுவாகக் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன். யானைக் குலத்தின் பற்களில் பழைய பாணி, குமிழ் குமிழாக இருப்பது. பணியாரங்களை இரண்டு வரிசையாக அடுக்கி வைத்தது போல இருந்தால் அது மாஸ்டோடான் அல்லது காம்ஃபோதீரியம் வகை. காம்ஃபோதீரியத்தில் குமிழ் தேய்ந்ததும் மூன்று இதழ் விரிந்த மாதிரி ஒரு கோலம் விழும். டைனோதீரியம் என்ற இன்னொரு பழைய சொந்தத்துக்கு இரண்டு மூன்று குறுக்கு வரப்புகள், அவ்வளவுதான். அதற்குத் தந்தமும் கீழ்த்தாடையில்தான், கொக்கி மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். இந்தியாவில் அதன் பற்கள் குஜராத்தின் பிரம் தீவில் கிடைத்திருக்கின்றன. உங்கள் படத்தில் இருப்பது இவை எதுவும் இல்லை, வரப்புகள் நிறைய. அப்படியானால் ஸ்டெகோடான் (யானைக்கு நெருங்கிய, அழிந்துபோன சொந்தம்) அல்லது உண்மையான யானை. அளவு வரட்டும், பேசலாம்.

முகாம்வாசி எழுதியது:

நான் முதுமலைப் பக்கம் யானை முகாம்களில் கால்நடை மருத்துவ வேலை பார்த்தவள். புதைபடிவம் எனக்குத் தெரியாது, உயிருள்ள யானையின் வாய் தெரியும்.

நமக்குப் பல் கீழிருந்து மேலே முளைக்கும். யானைக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். ஒவ்வொரு தாடைப் பாதியிலும் வாழ்நாளில் ஆறு பற்கள், ஒன்றன் பின் ஒன்றாக. முன்பல் தேய்ந்து, துண்டு துண்டாக உடைந்து விழ, பின்பல் அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும். கடைசிப் பல் கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் இருக்கும். அதுவும் தேய்ந்துவிட்டால் கிழ யானை தழையைச் சரியாக அரைக்க முடியாமல் மெலியத் தொடங்கும். மருந்து கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சமைத்த சோற்றுக் கவளமாக உருட்டிக் கொடுப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் படத்தில் ஒரு ஓரத்து வரப்பு தேய்ந்து தட்டையாக இருக்கிறது, எதிர் ஓரத்து வரப்பு கூர்மையாக இருக்கிறது. தேய்ந்த பக்கம்தான் வாயின் முன்பக்கம். இன்னொன்று, இன்றைய யானைகளில் மேல்தாடைப் பல்லின் அரைக்கும் பரப்பு நீளவாக்கில் சற்றுப் புடைத்திருக்கும், கீழ்ப்பல் சற்றுக் குழிந்திருக்கும். துண்டு சின்னதாக இருந்தால் தெரியாது, முழுப் பல்லில் தடவினாலே தெரிந்துவிடும்.

எலும்புப்பித்தன் எழுதியது:

வணக்கம். தொல்லுயிரியல் படிக்கிற மாணவன். எனக்கு இது எலிஃபாஸ் பிளானிஃப்ரான்ஸ் என்ற அழிந்துபோன யானை இனம் என்று தோன்றுகிறது. சண்டிகரைச் சுற்றி இருப்பது மேல் சிவாலிக் படிவுகள். பிஞ்சோர் தோட்டத்துக்குப் போயிருப்பீர்களே, அந்த ஊர் பெயரில்தான் பிஞ்சோர் படிவு. சுமார் 26 லட்சம் ஆண்டு முதல் 6 லட்சம் ஆண்டு வரை பழமையானது. அங்கே பிளானிஃப்ரான்ஸ், ஹைசுட்ரிகஸ் இரண்டு யானைகளும் உண்டு. ஹைசுட்ரிகஸுக்குத் தகடுகள் (யானைப் பல்லின் வரப்புகளை அப்படிச் சொல்வோம்) நெருக்கமாக இருக்கும், இன்றைய ஆசிய யானைக்கு நெருங்கிய சொந்தம் அது. பிளானிஃப்ரான்ஸுக்குத் தகடுகள் தடிமன், இடைவெளி அதிகம். படத்தில் இருப்பது தடிமனாகத்தான் தெரிகிறது.

மலையடிவாரம் எழுதியது:

ஸ்கேல் வைத்து எடுத்துவிட்டேன், மேலே சேர்த்திருக்கிறேன். நீளம் 12.5 செ.மீ., அகலம் 9.5 செ.மீ. அந்த நீளத்தில் நாலு வரப்பு. தேயாத வரப்பின் உயரம், அடியிலிருந்து உச்சி வரை, 5.5 செ.மீ. எனாமல் தடிமனை நண்பரின் வெர்னியரில் அளந்தோம், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். முகாம்வாசி அக்கா சொன்ன தேய்ந்த ஓரமும் சரியாக இருக்கிறது, நன்றி.

கல்தச்சன் எழுதியது:

இப்போது பேசலாம். நான் ஸ்டெகோடான் கட்சி.

யானைப் பல்லில் முதலில் எண்ண வேண்டியது, பத்து செ.மீ. நீளத்தில் எத்தனை தகடு என்பது. கம்பளி மாமத்தில் ஏழு முதல் பன்னிரண்டு வரை வரும், எனாமல் ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். உங்களுடையதில் மூன்று சொச்சம், எனாமல் 5 மி.மீ. மாமத் கேள்வி இதோடு முடிந்தது.

அடுத்தது உயரம். உங்கள் பல்லின் அகலம் 9.5, உயரம் 5.5. குட்டையான பல். யானையின் தகடு பிஸ்கட் பாக்கெட்டில் நிற்கும் பிஸ்கட் மாதிரி, ஒடுக்கமாக நெட்டுக்குத்தாக நிற்கும். ஸ்டெகோடானின் வரப்பு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, அடி அகலம், உச்சி குறுகல். கிரேக்கத்தில் 'ஸ்டெகோஸ்' என்றால் கூரை. பேர் வைத்தவர்கள் பல்லைப் பக்கவாட்டில் பார்த்துத்தான் வைத்தார்கள்.

எலும்புப்பித்தன் எழுதியது:

ஐயா, தகடு எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பிளானிஃப்ரான்ஸிலும் பத்து செ.மீ.க்கு நாலு அளவில் வரும், எனாமலும் தடிமன்தான். உயரம் குறைவு என்பதும் சந்தேகம். வரப்பு தேயாதது என்று அவர் சொல்கிறார். ஆனால் வெள்ளத்தில் உருண்டு வந்த துண்டின் அடிப்பாகம் உடைந்து போயிருக்கலாம், அப்போது 5.5 என்பது முழு உயரமே இல்லை.

மலையடிவாரம், உடைந்த முகப்பை நன்றாக ஈரப்படுத்திப் படம் எடுங்கள். வரப்புக்கு நடுவே பள்ளம் எந்த வடிவம், அதில் என்ன நிரம்பியிருக்கிறது, இது இரண்டும் தெரிந்தால் போதும். யானை என்றால் இரண்டு தகடுகளுக்கு இடையே சிமென்ட் மேல் வரை அடைத்திருக்கும்.

மலையடிவாரம் எழுதியது:

பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் பட்டதும் நிறம் பிரிந்து தெரிகிறது. வெளியே ஓடுவது கருநீலம் கலந்த சாம்பல் பட்டை, அது எனாமல் என்று நினைக்கிறேன். அதன் உள்ளே காப்பித்தூள் நிறம். அந்தப் பட்டை ஒரு வரப்பில் ஏறி, உச்சியில் மடிந்து, இறங்கி, அடுத்த வரப்பில் ஏறுகிறது. எங்கும் அறுபடவில்லை. பள்ளம் வி மாதிரி அகலமாக விரிந்திருக்கிறது. பள்ளத்தின் அடியில் கொஞ்சம் வெளிறிய பொருள் ஒட்டியிருக்கிறது, பாதி உயரம்கூட இல்லை. அதற்கு மேலே இருந்தது மணல்கல்தான், பிரஷ் பட்டதும் உதிர்ந்தது.

இன்னொன்று. தேயாத வரப்பின் உச்சியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக இருக்கின்றன. பத்து எண்ணினேன், ஓரத்தில் உடைந்திருப்பதால் இன்னும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். மூடிய விரல்களின் கணுக்களைத் தடவுவது போல இருக்கிறது.

எலும்புப்பித்தன் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டெகோடான். எனாமல் பள்ளத்தின் அடியில் வளைந்து அடுத்த வரப்புக்கு ஏறுவது முழுசாகத் தெரிகிறது என்றால் அடிப்பாகம் உடையவில்லை, 5.5 முழு உயரம்தான். வி பள்ளம், பாதிகூட நிரம்பாத சிமென்ட், உச்சியில் குமிழ் வரிசை எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

ஆனால் இனம் என்ன என்று கேட்காதீர்கள். சிவாலிக்கில் இன்சிக்னிஸ், கணேசா என்று இரண்டு ஸ்டெகோடான் பெயர்கள் உண்டு. பற்களை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஒன்று ஆண், இன்னொன்று பெண் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். நாலு வரப்புத் துண்டில் 'ஸ்டெகோடான்' என்று எழுதி நிறுத்துவதுதான் நேர்மை.

வெட்டிப்பேச்சு எழுதியது:

கணேசாவா? நம்ம பிள்ளையாரா?

கல்தச்சன் எழுதியது:

அவரேதான். 19ஆம் நூற்றாண்டில் ஹியூ ஃபால்கனர், ப்ரோபி காட்லி என்ற இருவர் சிவாலிக் எலும்புகளை அள்ளி விவரித்தார்கள். ஃபால்கனர் சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மருத்துவர். காட்லி பிற்பாடு கங்கைக் கால்வாய் வெட்டிய பொறியாளர். கணேசா மண்டை ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தந்தங்கள் பத்தடிக்கு மேல் நீளம். இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டே வருவதால், தும்பிக்கை நடுவே தொங்க வழியே இல்லை, பக்கவாட்டில்தான் போட்டிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு.

1834இல், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் நாஹனின் ராஜாவிடமிருந்து வெள்ளைக்காரர்களுக்கு ஒரு யானைப் பல் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் எலும்பு வேட்டை சூடு பிடித்தது. நாஹனுக்குப் பக்கத்தில் சாகேத்தியில் 1974இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை புதைபடிவப் பூங்கா அமைத்தது. சண்டிகரிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். ஸ்டெகோடானை ஆளுயரத்துக்கு மேல் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். சிலைகளைவிட, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பற்களைப் பாருங்கள். உங்கள் துண்டைக் கையில் வைத்துப் பார்த்த கண்ணுக்கு அவை இனி வேறு மாதிரி தெரியும்.

இரத்தினபுரியான் எழுதியது:

இலங்கையிலிருந்து. எங்கள் பக்கம் மாணிக்கக் குழி தோண்டும்போது கல் கிடைக்கிற சரளை மண்ணுக்கு 'இல்லம்' என்று சொல்வோம். அந்த இல்லத்தில் கல்லோடு சேர்ந்து யானைப் பல்லும் வரும், நீர்யானை, காண்டாமிருகம் எல்லாம் வரும். இன்றைக்கு இலங்கையில் காண்டாமிருகமும் இல்லை, நீர்யானையும் இல்லை. பி. இ. பி. தெரணியகல என்ற அறிஞர் இவற்றைத் தேடிச் சேர்த்துப் பெயர் வைத்தவர், பல பெயர்களின் வாலில் 'சிங்களேயஸ்' என்று இருக்கும்.

என் அப்பா குழியில் இறங்கி வேலை செய்தவர். அரித்தெடுக்கும் கூடையில் தகடு தகடாகக் கறுப்பாக ஒன்று வந்தால் தூக்கி எறிந்துவிடுவார்களாம், மாணிக்கம் இல்லையே. எங்கள் வீட்டில் ஒரே ஒரு தகடு மட்டும் மிச்சம். தனித் தகடைப் பார்த்தால் யாரும் பல் என்று சொல்ல மாட்டார்கள். விரல்கள் ஒட்டிய கை மாதிரி இருக்கும்.

வடகடல் எழுதியது:

இரத்தினபுரியான் சொன்ன 'கை' எனக்கும் தெரியும். நான் இருப்பது நெதர்லாந்து, ரோட்டர்டாம். இங்கே துறைமுகத்தைப் பெரிதாக்க 2008க்கும் 2013க்கும் இடையில் வடகடல் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டி மாஸ்ஃப்ளாக்டே 2 என்று புது நிலமே உண்டாக்கினார்கள். பனியுகத்தில் அந்தக் கடலின் தென்பகுதி புல்வெளி. அதனால் அந்தக் கரையில் நடந்தால் மாமத் பல் துண்டு கிடைக்கும். அசல் கம்பளி மாமத்.

எனக்கு முதலில் கிடைத்தது கிட்டத்தட்ட முழுப் பல். சந்தோஷத்தில் வீட்டுக்கு எடுத்து வந்து, சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் விசிறி விரிந்த மாதிரி தகடு தகடாகப் பிரிந்து கிடந்தது. எனாமலும் சிமென்டும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. என் மகள் ஒரு தகடை எடுத்துத் தன் உள்ளங்கையில் பொருத்திப் பார்த்து, 'அப்பா, இது யாரோட கை?' என்றாள்.

இப்போதெல்லாம் கடலில் கிடைத்ததை நல்ல தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, ஈரத்துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து வாரக்கணக்கில் மெதுவாகக் காயவிடுகிறேன். சிவாலிக் பல் முழுக்கக் கல்லாகியிருப்பதால் உங்களுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் வெயிலில் வைக்காதீர்கள். வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

அது சரி, இதையெல்லாம் விற்றால் எவ்வளவு தேறும்?

கல்தச்சன் எழுதியது:

1705இல் அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரைக் கிளாவரக் ஊரில் ஒரு குடியானவருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பல் கிடைத்தது. உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் ஒரு கிளாஸ் ரம் கொடுத்து வாங்கிக்கொண்டார். ராட்சத மனிதனின் பல் என்று சீட்டு ஒட்டி லண்டனுக்குப் போயிற்று. மாஸ்டோடான் பல் அது. மனிதக் கடைவாய்ப் பல்லைப் பெரிதாக்கினது போலக் குமிழ் குமிழாக இருந்ததால் வந்த குழப்பம். விலை விசாரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரம்தான் ஞாபகம் வரும்.

முகாம்வாசி எழுதியது:

இதே மாதிரி இன்னொன்று படித்திருக்கிறேன். 1725 வாக்கில் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் மண் தோண்டும்போது பெரிய பற்கள் கிடைத்தன. தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பார்த்தவுடனே யானையின் கடைவாய்ப் பல் என்று சொல்லிவிட்டார்கள். மார்க் கேட்ஸ்பி என்ற இயற்கையியலாளர் அதை எழுதிவைத்தார். அது மாமத் பல். ஃபிரான்ஸில் ஜார்ஜ் கூவியே என்ற விலங்கியலாளர் மாமத்தும் இன்றைய யானைகளும் வேறு வேறு என்று பற்களையும் தாடைகளையும் ஒப்பிட்டுச் சொன்னது 1796இல். யானையின் வாயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது யானைக் குலம் என்று சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

மலையடிவாரம் எழுதியது:

அந்தத் தந்தத் துண்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? நீளம் 18 செ.மீ., ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிவு, லேசான வளைவு.

வடகடல் எழுதியது:

வளைவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தந்தத்தை அதன் குறுக்குவெட்டு முகத்தில்தான் பார்க்க வேண்டும். உடைந்த முனையை ஈரப்படுத்தி, சாய்வாக வெளிச்சம் அடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். தந்தமாக இருந்தால், வெளி ஓரத்தை ஒட்டி, பாய் முடைந்தது போல இரண்டு திசைக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். ஷ்ரெகர் கோடுகள் என்று பெயர். வெளி ஓரத்தில் அந்தக் கோடுகள் வெட்டும் கோணம் சராசரியாக 90 பாகைக்குக் கீழே என்றால் மாமத், 115க்கு மேலே என்றால் இன்றைய யானை. சுங்கத்தில் பிடிபடும் தந்தத்தை இப்படித்தான் பிரிக்கிறார்கள். நடுவில் வந்தால் கோணத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உள் மையத்துக்குப் பக்கத்தில் அளந்தாலும் தப்பாகப் போகும்.

பழைய தந்தம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். சரியாகச் சொன்னால் கூம்புக்குள் கூம்பு. கல்லாகிப் போன மரத்திலும் வளையம் இருக்கும், அதில் ஏமாறாதீர்கள். மரத்தில் பாய் முடைச்சல் இருக்காது.

முகாம்வாசி எழுதியது:

நடுவில் ஒரு எச்சரிக்கை. கல்லாகாத, எடை குறைவான, வெளிறிய தந்தம் எங்காவது கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் நம் யானை கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. கீழே கிடந்தது என்று சொன்னால் எடுபடாது. தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மலையடிவாரம் எழுதியது:

பார்த்துவிட்டேன். பாயும் இல்லை, கூம்பும் இல்லை, வளையமும் இல்லை. முழுக்க ஒரே மாதிரி வெளிறிய மண் நிறம். நட்டநடுவில் பென்சில் நுழைகிற அளவு ஓட்டை, அதிலிருந்து சுற்றிலும் விரிசல். வினிகர் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது.

கல்தச்சன் எழுதியது:

நுரை வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, சுண்ணாம்பு ஏறிய உண்மை எலும்பும் நுரைக்கும். அந்த ஓட்டைதான் காட்டிக்கொடுக்கிறது. பழைய மண்ணில் மரவேரைச் சுற்றிச் சுண்ணாம்பு உறைந்து, வேர் மக்கிப் போன கூடு அது. சிவாலிக் மண்ணில் நிறைய உண்டு. என் மாணவர்கள் வருடத்துக்கு ஒரு தந்தமாவது இப்படிக் கொண்டுவருவார்கள். முகம் வாடிப் போகும். என்ன செய்வது.

பல் மட்டும் அசல் சரக்கு. பஞ்சாப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அங்கே நிலவியல் துறையில் காட்டுங்கள். கிடைத்த இடம் எது, குறித்து வைத்திருக்கிறீர்களா?

மலையடிவாரம் எழுதியது:

நேற்று போய்க் காட்டினேன். கையில் வாங்கியதும், புரட்டிப் பக்கவாட்டில்தான் முதலில் பார்த்தார்கள், ஐயாவை நினைத்துக்கொண்டேன். ஸ்டெகோடான் என்றுதான் சொன்னார்கள். அடுத்த கேள்வி எந்த இடம் என்பது. நான் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். எந்தச் சோ, எந்த வளைவு, கரையில் என்ன நிற மண் என்று கேட்டார்கள். டீ குடித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பல் வெள்ளத்தில் வந்ததா, மேலே கரையிலிருந்து சரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். இந்த முறை ஃபோனில் இருப்பிடத்தை ஆன் செய்து வைத்துக்கொள்வேன். கரை மண்ணில் ஏதாவது தெரிந்தால் படம் எடுப்பதோடு சரி, தோண்ட மாட்டேன்.

புதியவன்_77 எழுதியது:

வணக்கம், இன்றுதான் சேர்ந்தேன். என் மாமனார் வீட்டிலும் இதே மாதிரி ஒரு கல் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். மாமத்தா?

கல்தச்சன் எழுதியது:

ஸ்கேல் எங்கே தம்பி?